பூமிக்கு வார விடுமுறை

அத்தியாயம் ஏழு

அந்த ஊரில் பூமி ஆடியது. ஏதோ எப்போதாவது ஆடவில்லை. நிரந்தர வேலை கிடைத்த ஆள் மாதிரி ஒழுங்காக ஆடியது. காலையில் ஆடும். மத்தியானம் சாப்பாடு முடிந்து வந்து மறுபடி ஆடும். முதல் வாரம் ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். உடுத்தியதோடு ஓடியவர்கள் பாதி, உடுத்த மறந்து ஓடியவர்கள் மீதி. அப்புறம் வாசற்படியோடு நின்றார்கள். அப்புறம் படுத்த இடத்திலேயே ஒரு கண்ணை மட்டும் திறந்தார்கள். இப்போது அதுவும் இல்லை. சுவரில் மாட்டிய படம் கோணலானால், நேராக்க யாரும் எழுவதில்லை. கழுத்தைக் கோணலாக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஊர் மொத்தத்துக்கும் யாரோ மயக்க ஊசி போட்டுவிட்டு, அறுவை சிகிச்சை செய்ய மறந்து வீட்டுக்குப் போய்விட்டது போல இருந்தது.

கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த துப்பறியும் நிலையமும் அதற்கு விதிவிலக்கல்ல. அதை நடத்தியவளை ஊரே 'அண்ணி' என்றது. அவளைவிடப் பத்து வயது மூத்த இன்ஸ்பெக்டர் அண்ணி என்றார்; இன்ஸ்பெக்டரின் அம்மாவும் அண்ணி என்றாள். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒருவன்தான்: அவள் கணவனின் தம்பி. முப்பது வயது, உடம்பில் சதை என்று எடுத்துச் சொல்ல நாக்கு மட்டும்தான். ஊர் அவனுக்கு 'ஈர்க்குச்சி' என்று பெயர் வைத்திருந்தது. அண்ணன் கப்பல் வேலையில் கடலோடு போய்விட, அண்ணிக்குத் துணையாகத் துப்பறிய வந்தவன், துப்பு துலக்கியதைவிட வாய் துலக்கியதே அதிகம்.

அன்று அவனுக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு பெண்.

"விழுந்தது அவரு கட்டின சுவர்தான்," என்றாள் அவள். கொத்தனாரின் மனைவி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலிருந்தது. "ரசாயன ஆலையோட பின்பக்கச் சுவர். அங்க சந்து இருக்குல்ல, அதுல விழுந்துச்சு. ஆலையோட பம்ப் ஆபரேட்டர் அந்தச் சுவர்ல சாஞ்சு சிகரெட் குடிச்சிட்டு இருந்திருக்காரு. போயிட்டாரு."

"எப்பம்மா?" என்றாள் அண்ணி.

"போன வாரம். எந்தக் கிழமைன்னு கேக்காதீங்க. எனக்கு எல்லா நாளும் ஒரே நாளாத்தான் இருக்கு."

அப்போது மேஜை நடுங்கியது. தண்ணீர் தம்ளர் தானாக நடந்து விளிம்புக்கு வந்தது. ஈர்க்குச்சி பார்க்காமலேயே ஒரு விரலை நீட்டி அதைத் தடுத்தான். யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

"ஆலை மேனேஜர் போலீஸ்ல சொல்லிட்டாரு. பெருசா ஆடிச்சு, ஆடினதுல விழுந்துச்சுன்னு. ஊர்ல மத்த சுவரெல்லாம் நிக்குது, உன் சுவர் மட்டும் ஏன் விழுந்துச்சு, சிமென்ட்டுக்குப் பதிலா என்னத்தப் போட்டன்னு கேட்டு இவரை உள்ள வெச்சுட்டாங்க."

"அவரு என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கப் போறாராம். 'நான் கட்டினேன், விழுந்துச்சு, ஒரு உசுரு போச்சு, இதுல பேச என்ன இருக்கு'ங்கறாரு."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் ஒத்துக்கல." அதையும் அதே குரலில்தான் சொன்னாள். "எங்க வீடும் அவரு கட்டினதுதான். அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிக்க முடியாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து காலண்டரை மடியில வெச்சுத்தான் தேதி பாக்கறேன்."

அவள் போன பிறகு அண்ணி ஜன்னல் ஓரம் நின்றாள். தூரத்தில் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது.

"தம்பி, ஆலைக் கழிவுத் தண்ணிய ஆழ்துளைக் கிணத்துல இறக்கறாங்க, அதனாலதான் பூமி ஆடுதுன்னு ஊர் கத்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. உடனே கிணத்தை மூடி சீல் வெச்சாங்க. மூடினதுக்கு மேளம், மாலை, மேடை. ஒரு ஓட்டையை அடைக்க அவ்வளவு பேர் பேசினதை நான் பாத்ததே இல்ல. ஆனா மூடின பிறகும் ஆட்டம் நிக்கல. அதனால ஆலைமேல தப்பில்ல, எல்லாம் இயற்கைன்னு ஊரும் படுத்துருச்சு."

"சரி. மூடின கிணத்துக்கு பம்ப் ஆபரேட்டர் எதுக்கு?"

ஈர்க்குச்சியின் கை கன்னத்திலிருந்து இறங்கியது.

"கிணறு இன்னும் ஓடுதுங்கறீங்களா?"

"ஓடினா, பூமிய ஆட்டறது ஆலை. சுவர் ஆட்டத்துல விழுந்துச்சுன்னா, கூண்டுல நிக்க வேண்டியது கொத்தனார் மட்டும் இல்ல. வா, சுவரைப் பாத்துட்டு வருவோம்."

"வழியில பல் டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம், அண்ணி. இந்தப் பல்லு என்கூட இனிமே குடும்பம் நடத்தாது."

பல் டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்த்தார். டார்ச் அடித்தார். தட்டினார். ஈர்க்குச்சி கூரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு தடவை போய் வந்தான்.

"பிடுங்கிடலாம். புதன்கிழமை வா."

"டாக்டர், இன்னைக்கே உசுரு போகுது!"

"இன்னைக்கு மருந்து தரேன். பிடுங்கறது, குடையறதெல்லாம் புதன்தான்."

"ஏன் டாக்டர்?" என்றாள் அண்ணி.

டாக்டர் யோசித்தார். அந்தக் கேள்வியை அவரே கேட்டுக்கொண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "புதன்கிழமை கூட்டம் கம்மி," என்றார். வெளியே பலகையில் புதன்கிழமைக்கு மட்டும் நோயாளிகள் ஒருவர் மேல் ஒருவராகப் பதிவாகியிருந்தார்கள்.

இரண்டு கடை தள்ளி முடிதிருத்தும் நிலையம். வலிதான் போகவில்லை, மீசையாவது அழகாகட்டும் என்று ஈர்க்குச்சி உள்ளே தலையை நீட்டினான்.

"முடி வேணா வெட்டறேன். மீசை, கிருதா, சவரம் எல்லாம் புதன்கிழமை வா, மாப்ள," என்றார் கடைக்காரர்.

"புதன்கிழமை என்ன விசேஷம், மாமா?"

"அன்னைக்குத்தான் பிளேடு புதுசா வரும்."

அவர் பின்னாலேயே அலமாரியில் பிரிக்காத பிளேடுப் பொட்டலங்கள் ஒரு தெருவையே சிரைக்கும் அளவுக்கு அடுக்கியிருந்தன.

அண்ணி அங்கேயே நின்றுவிட்டாள். ஆலைப் பக்கம் போக வேண்டியவள் தெருவைக் கடந்து கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் போனாள். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள். அவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, "சின்ன சக்கரம் கழட்டணும். புதன்கிழமை தரேன். அன்னைக்குத்தான் எனக்குக் கண்ணு தெளிவா இருக்கும்," என்றார். கண்ணாடிக் கடைக்காரரிடம் பெரிய கண்ணாடி வெட்ட வேண்டும் என்றாள். "புதன்கிழமைதான்மா வெட்டுவேன். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அவர்.

ஈர்க்குச்சிக்குத் தலை சுற்றியது. "அண்ணி, ஊருக்கே புதன் பைத்தியம் பிடிச்சிருக்கு. இவங்களுக்குள்ள சங்கம் ஏதாவது இருக்கா?"

"ஒருத்தர் காரணம் சொன்னா நம்பலாம், தம்பி. நாலு பேர் ஒரே கிழமைக்கு நாலு காரணம் சொன்னா, அந்த நாலும் காரணம் இல்ல. பல்லு, பிளேடு, கடிகாரம், கண்ணாடி. நாலுக்கும் பொது என்ன?"

"நாலும் என் பாக்கெட்டுக்கு ஆகாது."

"கை நடுங்கக் கூடாத வேலை."

ஈர்க்குச்சி நாலு கடைகளையும் திரும்பிப் பார்த்தான். 

"புதன்கிழமை பூமி ஆடறதில்ல," என்றாள் அண்ணி. "இது இவங்க யாருக்கும் தெரியாது. தலை மரத்துப் போச்சு. ஆனா கை மரக்கல. ஆடின நாள்ல எல்லாம் வேலை கெட்டிருக்கு, ஆடாத நாள்ல நல்லா வந்திருக்கு. கை தானா புதன்கிழமைக்கு நகந்துடுச்சு. தலைகிட்ட ஏன்னு கேட்டா, அது வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லுது."

"அப்ப பூமிக்கு வாரத்துல ஒரு நாள் லீவா?"

அவர்கள் அப்போது ஆலையின் வாசலுக்கு வந்திருந்தார்கள். அண்ணி பதில் சொல்லாமல் வாசல் பலகையைக் காட்டினாள். வேலை நேரம், தலைக்கவசம் அணிக, அதற்குக் கீழே: வார விடுமுறை, திங்கட்கிழமை.

"இது திங்கள், அது புதன். ரெண்டு நாள் இடிக்குதே, அண்ணி."

"தண்ணி என்ன லிஃப்ட்லயா போகும்? மேல பம்பை நிறுத்தினா, கீழ பாறை இடுக்குல அழுத்தம் குறைய நேரம் ஆகும். திங்கள் நிறுத்தினது புதன்கிழமைதான் அங்க தெரியுது. மறுபடி ஓட்டினா மறுபடி ஆட்டம். உலகத்துல எல்லா நடுக்கத்தையும் மனுஷன் செய்யறதில்ல, தம்பி. ஆனா வார விடுமுறை எடுக்கற நடுக்கத்துக்கு ஒரு முதலாளி இருந்தே ஆகணும்."

ஈர்க்குச்சி நடுத்தெருவில் ஒரு ஆட்டம் போட்டான். பல்வலி பறந்தது. கொத்தனார் வெளியே வருவதையும், ஊரே தன்னைத் தோளில் தூக்குவதையும், தோளில் தூக்குபவர்கள் 'அட, கனமே இல்லையே' என்று வியப்பதையும் மனக்கண்ணில் பார்த்தான். அந்தக் கோலத்திலேயே சந்துக்குள் நுழைந்தான்.

சந்தில் விழுந்த சுவரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி. பாக்க ஒண்ணும் இல்ல. நாளைக்கு அந்த ஆள் ஒத்துக்கறான், நானும் வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஒத்துக்க மாட்டான் சார்!" என்று பாய்ந்தான் ஈர்க்குச்சி. "பூமிய ஆட்டறதே இந்த ஆலைதான். கண்டுபிடிச்சாச்சு. ஆடினா ஆலை பொறுப்பு, சுவர் விழுந்தா ஆலை பொறுப்பு!"

"சுவர் என்னைக்கு சார் விழுந்துச்சு?" என்றாள் அண்ணி.

"போன புதன். சாயங்காலம்."

ஈர்க்குச்சியின் ஆட்டம் அந்தரத்தில் நின்றது. பல்வலி திரும்பி வந்தது, உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு.

புதன். பூமி ஆடாத நாள். அப்படியானால் ஆட்டத்தில் சுவர் விழவில்லை. யாரும் ஆட்டாமல், எதுவும் அசையாமல், தன் பாட்டுக்குச் சரிந்திருக்கிறது. அதைவிடக் கேவலமான சுவர் உலகத்தில் உண்டா? காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, கொத்தனாருக்கு இருந்த ஒரே சாக்கையும் அவர்களே பிடுங்கிவிட்டார்கள்.

"போச்சு அண்ணி," என்றான். "அந்தம்மாகிட்ட யார் சொல்றது? சொன்னாலும் அது அழாது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

விழுந்து கிடந்த சுவரின் மேலேயே உட்கார்ந்தான். அவன் எலும்புக்குத் தோதாக, வாட்டமாக, அழகாக உட்கார்ந்துவிட்டான். உலகத்தில் எந்த நாற்காலியும் அவனுக்கு அவ்வளவு பொருந்தியதில்லை.

"தம்பி, எழுந்திரு."

"சும்மா இருங்க அண்ணி. இன்னைக்குக் கிடைச்ச ஒரே சுகம் இதுதான்."

"எழுந்திருடா!"

எழுந்தான். அவன் உட்கார்ந்த இடத்தில் ஒரு பள்ளம். பக்கத்திலேயே இன்னொன்று, அதைவிட ஆழமாக. அண்ணி குனிந்து தடவிப் பார்த்தாள். பிறகு ஓரமாகத் தள்ளி நின்று மொத்தச் சுவரையும் பார்த்தாள்.

"சார், இது உதிர்ந்திருக்கா?"

"இல்லையே. பலகை மாதிரி அப்படியே கிடக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லும்போதே கொட்டாவி பாதியில் நின்றது.

"மண்ணைப் போட்டுக் கட்டின சுவர் விழுந்தா கல்லு கல்லாத் தெறிச்சிருக்கும். இது அடியோட முறிஞ்சு, ஒரே துண்டாப் படுத்திருக்கு. செங்கலை விட்டுச் செங்கல் பிரியல. சரி, இந்த ரெண்டு பள்ளம்?"

"விழுந்ததுல அடிபட்டிருக்கும்."

"தரையில மோதினது கீழ் முகம். இது மேல் முகம், வானத்தைப் பாக்குது. வானம் வந்து ரெண்டு குத்து குத்திச்சா?" சுவர் நின்றிருந்த இடைவெளி வழியாக அண்ணி ஆலை வளாகத்துக்குள் பார்த்தாள். "சந்துப் பக்கம் விழுந்த சுவருக்கு, இந்த முகம் ஆலைக்கு உள்பக்கமா இருந்தது."

உள்ளே, விழுந்த சுவருக்கு நேர் எதிரே ஒரு டேங்கர் லாரி, முதுகைச் சந்துப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்பக்க இரும்புத் தடுப்பு மூக்குடைந்த முகம் மாதிரி நசுங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நிற்பதை ஈர்க்குச்சி அந்த மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தான்.

"ஆனா மேனேஜர்... பூமி ஆடினதைக் கண்ணால பாத்தேன்னு எழுதிக் கொடுத்திருக்காரே?"

"அதை அவரு வாயால ஒரு தடவை கேட்டுருவோம்," என்றாள் அண்ணி.

மேனேஜர் ஊருக்குப் புதியவர். ஆலைக்குள்ளேயே தங்குமிடம், ஆலைக்குள்ளேயே சாப்பாடு. அவர் அறையில் இயந்திரங்களின் அதிர்வில் எல்லாமே எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருந்தன: மேஜை, பேனா, அவருடைய தொங்கு கன்னம். பூமி ஆடினாலும் தெரியாது, ஆடாவிட்டாலும் தெரியாது.

ஆனால் அன்றைய ஆட்டத்தை அவர் வர்ணித்த அழகு இருக்கிறதே! "தரை அப்படியே தூக்கிப் போட்டுச்சுங்க. கப் பறந்துச்சு. அலமாரி சாஞ்சுச்சு. நான் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பதான் வெளிய தடால்னு சுவர். பாவம், நல்ல ஆபரேட்டர்."

"சார், ஊர்ல யாரும் ஆட்டத்தைக் கவனிக்கறதே இல்ல," என்றான் ஈர்க்குச்சி மரியாதையாக. "போன வாரம் எங்க தெருவுல ஒருத்தருக்குக் கட்டில் ஆடி ஆடி வாசலுக்கே வந்துருச்சு. பால் வாங்கிட்டு மறுபடி தூங்கிட்டாரு. நீங்க ஒருத்தர்தான் இவ்வளவு ரசிச்சிருக்கீங்க."

"நான் புதுசுல்ல. இன்னும் பழகல."

"தெரியுது சார்," என்றாள் அண்ணி. "பழகியிருந்தா புதன்கிழமைய எடுத்திருக்க மாட்டீங்க."

இன்ஸ்பெக்டர் கல்லூரிக்குப் போன் போட்டார். நிலநடுக்கம் பதிவு செய்யும் கருவி அங்கேதான் இருந்தது. தினமும் ஆடும் ஊரில், அன்றைக்கு ஆடியதா என்று யாரும் அதுவரை கேட்கவில்லை. பேராசிரியையின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"போன புதன் சாயங்காலமா? ஒண்ணுமே இல்லையே. அந்த நாள் முழுக்கவே சுத்தம். நான் எப்பவும் புதன்கிழமைதான் கருவியைத் துடைச்சு வைப்பேன்."

"ஏன் மேடம் புதன்கிழமை?" என்றாள் அண்ணி.

மறுமுனை பதிவுத் தாள்களைப் புரட்டியது. "ஏன்னு... நான் யோசிச்சதே இல்ல," என்றது கடைசியில். இன்னும் சில தாள்களைப் புரட்டிவிட்டு, "ஐயோ," என்றது.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் சாதாரணமாகக் கேட்டார்: "டேங்கர் சாவி யார்கிட்ட இருக்கும் சார்?"

மேனேஜரின் கை மேஜை இழுப்பறைக்குப் போய், பாதியில் நின்றது. அறையில் எல்லாம் நடுங்கிக்கொண்டிருக்க, அந்தக் கை மட்டும் அசையவில்லை.

சீல் வைத்த பம்ப் அறையின் பூட்டில் அரக்கு அப்படியே இருந்தது. பின்பக்கக் கதவில் பூட்டே இல்லை. உள்ளே பம்ப், குடும்பத்துப் பூனை மாதிரி சுகமாக உறுமிக்கொண்டிருந்தது. செத்துப்போன ஆபரேட்டர் அதைப் பற்றி வெளியே சொல்லிவிடுவேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தார். முதலில் அவரிடம் சொன்னதுதான் தப்பு. சாயங்காலம் அவர் எங்கே சாய்ந்து சிகரெட் குடிப்பார் என்று ஆலைக்கே தெரியும்.

இருட்டுவதற்குள் எல்லோரும் காவல் நிலையத்தில் இருந்தார்கள். கொத்தனார் கம்பிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வெளியே பெஞ்சில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேருந்தில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் பார்ப்பது போல.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். "வெளிய வாய்யா. சுவர் தானா விழல. தள்ளியிருக்காங்க."

கொத்தனார் எழவில்லை. "எத்தனை பேரு?"

"ஆளு இல்ல. லாரி. டேங்கர்."

"காலி டேங்கரா?"

"நிறைஞ்ச டேங்கர்."

கொத்தனார் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "ஒரே இடியிலயா விழுந்துச்சு?"

ஈர்க்குச்சியால் வாயை அடக்க முடியவில்லை. "எங்க விழுந்துச்சு! முதல் இடிக்கு அசைஞ்சு பாத்துட்டு அப்படியே நின்னுருக்கு. லாரிக்குத்தான் மூக்கு உடைஞ்சிருக்கு. லாரி டிரைவரைப் பிடிச்சதும் சொல்லிட்டான், மேனேஜர் மறுபடி இடிக்கச் சொல்லி, லாரி முன்னால போய், தூரத்துலேருந்து பின்னால வந்து இடிச்சிருக்கு. அண்ணே, உங்க சுவரை நான் உட்காந்தே பாத்துட்டேன். அது சுவர் இல்ல, மலை."

கொத்தனாரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. உதடு கோணியது. கைது செய்த நாளிலிருந்து அழாத மனிதர் அழத் தொடங்கினார், அழுதுகொண்டே சிரித்தார். "நின்னுச்சா," என்றார் மனைவியைப் பார்த்து. "முதல் இடிக்கு நின்னுச்சாம், கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் அவள்.

திடீரென்று சிரிப்பு நின்றது. கொத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லாரி முன்னால போய்த் திரும்பி வரணும்னா நேரம் ஆகுமே, சார்."

"ஆகும்."

"அந்தாளு சுவர்ல முதுகைச் சாச்சுல்ல உட்காந்திருந்தாரு? முதல் இடி முதுகுல தெரிஞ்சிருக்குமே. எழுந்து நாலு எட்டு வெச்சிருக்கலாமே. ஏன் ஓடல?"

இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஈர்க்குச்சியைப் பார்த்தாள். 

பெஞ்சில் இருந்தவள்தான் சொன்னாள். முதன்முறையாக அவள் குரல் உடைந்திருந்தது.

"பூமி ஆடுதுன்னு நினைச்சிருப்பாருங்க."